எண்ணெய் இல்லாப் பொருத்தனை

ஆறாம் அத்தியாயம்

வாசக அன்பர்கள் இந்த வாரம் சற்றுக் கூடுதலாகப் பொறுத்தருள வேண்டும். கதை எழுதிப் பழகாத கை இது. அதற்குள் நோயையும் உணவையும் பற்றி எழுத நேர்ந்துவிட்டது. வைத்தியம் கற்றவர்கள் சொல்ல வேண்டியதைக் கல்லாத ஒருவர் தொடுவது துணிச்சலே என்பதை உணராமல் இல்லை. ஆனால் ஜெயக்கொடியின் தோலைப் பற்றிச் சொல்லாமல் ஜெயக்கொடியைப் பற்றிச் சொல்ல வழி தெரியவில்லை. பிழை தென்பட்டால் அதை எழுதியவரின் அறியாமை என்று கொண்டு, கதையில் வருகிறவர்கள் மீது கோபம் கொள்ளாதிருக்கும்படி மிகவும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் செக்கு வைத்து எண்ணெய் வியாபாரம் செய்பவர் ஏசுவடியான். அவருடைய மனைவி ஞானவடிவு அம்மாள். ஒரே மகன் தாவீதுராஜ், கல்யாணமான வருஷமே பட்டாளத்து லாரி ஓட்ட மலேயாவுக்குக் கப்பல் ஏறினான். ஜப்பானியரிடம் சிங்கப்பூர் விழுந்தது என்ற சேதி வந்ததோடு அவனைப் பற்றிய சேதி நின்றுபோயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய மனைவி ஜெயக்கொடி சபைக்கு முன் எழுந்து நின்றாள். புருஷன் வீடு வந்து சேரும்வரை எண்ணெய் பட்ட எதையும் வாயில் வைப்பதில்லை என்று பொருத்தனை செய்தாள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எவர் வீட்டில் எது மிகுதியோ அதைத்தான் அவர் விட வேண்டும். ஆடு வளர்க்கிறவர் பாலை விடுவார். கருப்பட்டி காய்ச்சுகிறவர் இனிப்பை விடுவார். விட்ட பொருளும் வீணாகக் கூடாது. அவர் பங்கு சனிக்கிழமைதோறும் சபைக் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே ஜெயக்கொடியின் சோற்றில் விழுந்திருக்க வேண்டிய நல்லெண்ணெய், ஒரு பித்தளைச் செம்பில் நாள்தோறும் சேர்ந்து, கோயில் விளக்கில் எரிந்துகொண்டிருந்தது.

முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருஷம் முழங்கையிலும் முழங்காலிலும் தோல் தேங்காய் திருகியைப் போலக் கரடுதட்டியது. பிறகு சிவந்தது. பிறகு புறங்கை, கழுத்து, காதின் பின்புறம் எல்லாம் வெடித்து நீர் வடிந்தது. உள்ளூர் வைத்தியர் நல்ல மனிதர். கரப்பான் என்று சொல்லி, கரப்பானைக் கிளப்பும் பண்டங்களை எல்லாம் நிறுத்தினார். கடலை, தேங்காய், முட்டை, கருவாடு, பால் எல்லாம் நின்றன. நோய் மட்டும் நிற்கவில்லை. ஜெயக்கொடி பாடம் சொல்லிக் கொடுத்த மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வருவது குறைந்தது. பெருவியாதி, அதாவது குஷ்டம், என்ற சொல் ஊரில் ஒரு வாயிலிருந்து மற்றொரு வாய்க்குப் போயிற்று. திங்கட்கிழமை டாக்டர் சர்டிபிகேட்டோடு வந்தால் வரலாம், இல்லையென்றால் வர வேண்டாம் என்று பள்ளி மேனேஜர் சொல்லி அனுப்பியதில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

சனிக்கிழமை காலை, மாமியாரும் மருமகளும் அருப்புக்கோட்டைக்குப் போகும் கரி பஸ்ஸில் ஏறினார்கள்.

யுத்தத்தில் பெட்ரோல் அருமையாகிவிட்ட பிறகு பஸ்ஸின் முதுகில் ஒரு கொதிகலனைக் கட்டி, கரியைப் போட்டு ஊதி ஓட்டினார்கள். அது மேட்டில் ஏறும்போதெல்லாம் கிழவரைப் போல மூச்சு வாங்கியது. ஜெயக்கொடி முந்தானையை இரண்டு கைகளிலும் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு கழுத்தைப் பார்த்தாள். "அங்கிட்டு நல்லா காத்து வருது" என்று முணுமுணுத்தபடி கூடையை எடுத்துக்கொண்டு, காற்றே வராத பின்பலகைக்குப் போய்விட்டாள்.

ஞானவடிவு அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கரிசல் காடு கோடையில் வாய் பிளந்து கிடந்தது.

அடுத்த நிறுத்தத்தில் ராக்கம்மாள் ஏறினாள். ஏசுவடியானின் செக்குக்குக் கடலையும் எள்ளும் கொண்டுவந்து போடுகிற, காடு உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பெண்பிள்ளை. குரலைத் தாழ்த்திப் பேசுவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காலியாக இருந்த இடத்தில் நெருக்கி உட்கார்ந்தாள்.

"செக்கு வீட்டு மருமகளா? ஏத்தா, இம்புட்டு எண்ணெய் ஓடுற வீட்டுல இருந்துக்கிட்டு, கையி என்ன இந்தக் காடு மாதிரி வெடிச்சுக் கிடக்கு?"

"ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்" என்றாள் ஞானவடிவு அம்மாள், பேச்சை அத்தோடு முடிக்கிற தோரணையில்.

"போங்க, போங்க. அந்த டாக்டரம்மா ஏசுவாக. ஆனா நல்லாப் பாப்பாக. எங்க வீட்டுக்காரருக்கு வயித்து வலின்னு கூட்டிட்டுப் போனேன். அவுகளை ஒரு வார்த்தை கேக்கல. என்னையப் பிடிச்சு ஏசிப்புட்டாக."

"உங்களை ஏன் ஏசணும்?" என்று ஜெயக்கொடி கேட்டாள்.

"சமைச்சது நான்தானாம்."

ஜெயக்கொடி சிரித்தாள். சிரித்ததில் உதட்டின் ஓரம் வெடித்து ஒரு சொட்டு இரத்தம் வந்தது. அவள் முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். ராக்கம்மாள் அதைப் பார்த்தாள். இடம் மாறி உட்காரவில்லை. தன் மடியிலிருந்த வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாள் ஜெயக்கொடியை வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார வைத்தார். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்தவர். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு கோழி இறகைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கண்ணை மூடிக்க. நான் தொடுறப்பல்லாம் சொல்லு."

"இப்ப" என்றாள் ஜெயக்கொடி. "இப்ப." "இப்ப."

இறகு புறங்கையின் சிவந்த திட்டுக்கு வந்தது. ஜெயக்கொடி வாய் திறக்கவில்லை.

ஞானவடிவு அம்மாள் அந்தக் கையையே பார்த்தாள். அந்த இடத்தில் உணர்ச்சி இல்லையென்றால் அதற்கு என்ன பொருள் என்பது அந்தச் சீமையில் படிக்காதவர்களுக்கும் தெரியும். தொலைவில் உள்ள பெருவியாதி விடுதி, அதன் மதில், அங்கே போனவர்களைப் பற்றி யாரும் பேசாமல் விடுவது, எல்லாம் அவள் கண் முன் வந்து போயின.

"தொட்டது தெரியலையா?"

"தெரியுது டாக்டரம்மா. எரியுது. எரியுதுன்னு சொல்லணுமா, இப்பன்னு சொல்லணுமான்னு யோசிச்சேன்."

டாக்டரம்மாள் இறகைக் கீழே வைத்துவிட்டார். ஊசி முனையாலும் ஒரு முறை பார்த்தார். காதின் பின்புறம், முழங்கை மடிப்பு, நகங்கள் எல்லாவற்றையும் பார்த்தார்.

"இது பெருவியாதி இல்லை" என்றார். "சர்டிபிகேட் எழுதித் தாரேன். பெரியவுக உக்காருங்க. நின்னுக்கிட்டே இருக்கீக."

தான் நின்றுகொண்டிருப்பது அப்போதுதான் ஞானவடிவு அம்மாளுக்குத் தெரிந்தது.

"இவ என்ன சாப்பிடுறா?"

இந்தக் கேள்விக்கு ஞானவடிவு அம்மாளிடம் நல்ல பதில் இருந்தது. சற்றுப் பெருமையோடு சொன்னாள்: "சோளக் கஞ்சி, குதிரைவாலிச் சோறு, அவிச்ச கீரை. வைத்தியர் சொன்ன பத்தியம் ஒண்ணும் தப்பலை. கடலை கிடையாது, தேங்காய் கிடையாது, முட்டை, கருவாடு, பாலு ஒண்ணும் கிடையாது."

"எண்ணெய்?"

"தினம் தேய்ச்சு விடுறேன். உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும்."

"தேய்க்கிறதைக் கேக்கல. சாப்பிடுறதைக் கேக்குறேன்."

ஞானவடிவு அம்மாள் மருமகளைப் பார்த்தாள். கடைசியில் ஜெயக்கொடியே சொன்னாள்: "சாப்பிடுறதில்லை."

"எத்தனை காலமா?"

"சிங்கப்பூர் விழுந்ததுல இருந்து."

ராக்கம்மாள் சொன்னதை நினைத்து, ஏச்சு வரும் என்று ஞானவடிவு அம்மாள் காத்திருந்தாள். வரவில்லை. டாக்டரம்மாள் பேனாவின் மூடியைத் திருகி மூடினார். பொருத்தனையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"மேலே தடவுறது வெடிப்பைக் கொஞ்சம் மூடும், அவ்வளவுதான். உள்ளே போகவேண்டிய எண்ணெய் வேற. உடம்பு அதைத் தானா உண்டாக்கிக்க முடியாது. சோத்தோட போகணும். அது மொத்தமா நின்னு போனா, தோலு முதல்ல காயும். அப்புறம் கரடுதட்டும். அப்புறம் தொட்டதுக்கெல்லாம் சிவந்து அழலும். வைத்தியர் பேருலயும் தப்புச் சொல்ல மாட்டேன். சில பேருக்குக் கடலை ஆகாது, முட்டை ஆகாது, அது நெசம். ஒவ்வொண்ணாக் குடுத்துப் பாத்து, ஆகாததை நிறுத்தணும். இங்க என்ன ஆச்சுன்னா, எண்ணெயை இவ நிறுத்திட்டா. எண்ணெய்ச் சத்து உள்ள மத்ததையெல்லாம் அவர் நிறுத்திட்டார்."

"அப்ப இது தீந்து போகுமா?" என்றாள் ஞானவடிவு அம்மாள்.

"தீந்து போகும்னு சொல்ல மாட்டேன். இவ தோலு பிறப்புலயே கொஞ்சம் கோபக்காரத் தோலு. ஆனா தணியும். மெதுவாத் தணியும். தினம் சோத்துல ஒரு கரண்டி நல்லெண்ணெய். எடுத்த உடனே கூட்டாதீக, குடல் பழகணும். வாரத்துல ரெண்டு தரம் சாளைக் கருவாடு. முட்டை குடுத்துப் பாருங்க, அரிச்சா விட்டுருங்க. இந்தச் சீசாவுல இருக்கிறது சுறா மீன் எண்ணெய். சீமையில இருந்து வர்றது நின்னு போச்சு, நம்ம கடற்கரையிலேயே எடுக்குறாக. நாத்தம் அடிக்கும். ஊறுகாயைத் தொட்டுக்கிட்டு முழுங்கச் சொல்லுங்க."

ஜெயக்கொடி அந்தச் சீசாவைக் கையில் வாங்கவில்லை. மேஜையின் மேல் அது இருந்த இடத்திலிருந்து, மிகவும் மரியாதையாக, டாக்டரம்மாளின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன், டாக்டரம்மா. மன்னிச்சுக்கங்க."

டாக்டரம்மாள் சீசாவை எடுத்து ஞானவடிவு அம்மாளின் கையில் கொடுத்தார். "நான் எழுதித் தரத்தான் முடியும். ஊட்டிவிட முடியாது" என்றார்.

திரும்புகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஞானவடிவு அம்மாள் சீசாவை மடியில் வைத்து, அது உடைந்துவிடுமோ என்று இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அவள் மனம் மட்டும் எங்கும் நிற்கவில்லை. மருமகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் மருமகள் ஒரு கரண்டி எண்ணெய் சாப்பிட்டால் மலேயாவில் மகனுக்கு என்ன நடக்கும் என்று எந்த ஆஸ்பத்திரியில் போய்க் கேட்பது? அவனை உயிரோடு வைத்திருப்பது இந்தப் பெண்ணின் பட்டினிதான் என்றால்? அப்படி இல்லை என்று சொல்ல இந்த உலகத்தில் யாருக்குத் தைரியம் உண்டு?

"அத்தை" என்றாள் ஜெயக்கொடி. "மாமாகிட்ட பெருவியாதி இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. மத்தது வேண்டாம்."

"ஏத்தா?"

"மாமாவுக்கு மனசு ரெண்டுபடும்."

"உனக்கு?"

"எனக்கு ஒரே மனசுதான். தோலு போனாப் போகட்டும். அவுக வந்தாப் போதும்."

"வந்து உன்னையப் பாக்கணுமில்ல?"

ஜெயக்கொடி முந்தானையைப் பிரித்துத் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு, "அவுக போறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, எண்ணெய்க்காரர் மருமக கையில்லையா, வழுக்குதுன்னு சொன்னாக" என்றாள். சொல்லிவிட்டுக் கைகளை மறுபடியும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது செக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏசுவடியான் வெளியூர் ஆள் ஒருவருக்குப் புண்ணாக்கு நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வாங்குகிறவர் பேரம் பேசினார். ஏசுவடியான் வழக்கமான பதிலைச் சொன்னார்.

"வெறும் சோளத்தட்டையைப் போட்டு மாடு வளக்கலாம், வேண்டாங்கல. ஆனா தோலு சொறி பிடிச்சு, மயிரு சிலுத்துக்கிட்டு நிக்கும். எண்ணெய்ப் பசை உள்ளே போகணும்ல? என் மாட்டைப் பாருங்க. முதுகுல கைய வச்சா வழுக்கும்."

ஞானவடிவு அம்மாள் இதைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறாள். அன்றைக்கு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். செக்கைச் சுற்றி வந்த மாட்டின் முதுகில் வெயில் பட்டுப் பளபளத்தது. அதன் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு, வெடித்த கையால் சேலையைப் பிடித்தபடி, அந்த வீட்டு மருமகள் உள்ளே போனாள். செக்கைக் கடக்கும்போது எண்ணெய் வாசனை ஏறாமல் இருக்க அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வதை ஞானவடிவு அம்மாள் அன்றுதான் கவனித்தாள்.

ஆள் போனதும் சேதியைச் சொன்னாள். பெருவியாதி இல்லை என்றதும் ஏசுவடியான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "தோத்திரம் ஆண்டவரே" என்றார். துண்டை எடுத்தபோது கண் சிவந்திருந்தது. "மேனேஜர் வந்துட்டுப் போனாரு. அவ இடத்துக்கு வேற டீச்சரைப் போட்டாச்சாம். திங்கக்கிழமை வரைக்கும் இருந்தா என்னன்னு கேட்டேன். தாய்மார்க எல்லாம் கோவிச்சுக்கிறாக, நான் என்ன செய்யன்னு கையப் பிசையுறாரு."

"சர்டிபிகேட் வாங்கியாந்திருக்கோமே."

"அதுக்குள்ள போட்டாச்சாம்."

ஞானவடிவு அம்மாள் மிச்சத்தையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே போய் மாட்டை நிறுத்தினார்.

"நீ என்ன சொல்றே?"

"சாப்பிடணும்னு டாக்டரம்மா சொல்றாக."

"சொல்லுவாக. அவுக பிள்ளையா மலேயாவுல கிடக்கான்?" என்றவர், அப்படிச் சொன்னதற்குத் தாமே வருந்தியவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "சபை முன்னாடி நின்னு குடுத்த வாக்கு. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நம்ம வாயாலதான் கெடுத்தோம்னு கடைசி வரைக்கும்..."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இம்புட்டு நேரம் மாட்டுக்கு நியாயம் பேசுனீகளே" என்றாள் ஞானவடிவு அம்மாள்.

"மாடு பொருத்தனை பண்ணலை."

"பண்ணியிருந்தா விட்டுருப்பீகளா? செக்கு நின்னு போகும்னு அன்னைக்கே அவுத்துவிட்டிருப்பீக."

அவர் மாட்டின் கழுத்துக் கயிற்றைத் தடவிக்கொண்டே நின்றார். அவர் கல்மனசுக்காரர் அல்லர் என்பதை இந்தத் தொடரை வாசித்து வருபவர்கள் அறிவார்கள். சனிக்கிழமைதோறும் அந்தச் செம்பைக் கோயிலுக்குக் கொண்டுபோய் விளக்கில் ஊற்றுபவர் அவர்தான். ஊற்றும்போதெல்லாம் மகன் இன்னும் ஒரு வாரம் உயிரோடு இருக்க ஏதோ செய்துவிட்டதாக அவருக்கு ஓர் ஆறுதல். அதை எடுத்துவிட்டால் அந்த மனிதர் கையில் வேறு என்ன இருக்கிறது?

ஞானவடிவு அம்மாளுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் அடுக்களைக்குப் போனாள்.

அந்த அடுக்களையில் குழம்பைத் தாளிக்கும் முன்னால் ஜெயக்கொடிக்கு என்று ஒரு சட்டியில் எடுத்து வைத்துவிடுவார்கள். அன்றும் எடுத்து வைத்திருந்தார்கள். ஜெயக்கொடி தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞானவடிவு அம்மாள் குதிரைவாலிச் சோற்றைப் போட்டாள். கடைந்த பருப்பை ஊற்றினாள். பிறகு மாடத்தில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்தாள்.

ஜெயக்கொடி இரண்டு கைகளையும் தட்டின் மேல் விரித்து மூடிக்கொண்டாள்.

"அத்தை, வேண்டாம்."

"கைய எடு தாயி."

"அவுகளுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"ஆச்சுன்னா என்னையக் கேளு."

"உங்களைக் கேட்டு என்ன செய்ய? நான்தானே வாக்குக் குடுத்தேன்."

"யாருக்காகக் குடுத்தே? என் பிள்ளைக்காக. அவன் உனக்குப் புருசனாகுமுன்ன எனக்கு மகன். அவன் பேருல கட்டுன கட்டு எதுவா இருந்தாலும் அவுக்கிறதுக்குப் பெத்தவளுக்குப் பாத்தியம் உண்டு. நான் அவுக்குறேன். கேள்வி வந்தா என் பேருல வரட்டும்."

வாசலில் நிழல் விழுந்தது. ஏசுவடியான் நின்றார்.

"இந்தா, அது கோயில் எண்ணெய்" என்றார்.

"கோயிலுக்குப் போய்ச் சேருமுன்ன அது இவ எண்ணெய்" என்றாள் ஞானவடிவு அம்மாள், திரும்பிப் பார்க்காமல். மனத்துக்குள் அவள் ஜெபம் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது கேட்கிற ஜெபமாக இல்லை. தாவீது, பொறுத்துக்கடா, என்று மகனிடம் பேசுகிற பேச்சாக இருந்தது.

வெடித்த கைகள் மெல்ல விலகின. பருப்பின் மேல் நல்லெண்ணெய் விழுந்து மஞ்சளாகப் பரவியது. ஞானவடிவு அம்மாள் தானே பிசைந்தாள். சிறு உருண்டையாக எடுத்து நீட்டினாள். ஜெயக்கொடி கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாள். வெகுநேரம் மென்றாள். குமட்டி வந்தது, தண்ணீர் குடித்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடி, வெடிப்பில் பட்டு எரிந்தது. துடைக்கவில்லை. மறுபடியும் வாயைத் திறந்தாள்.

நான்கைந்து வாய்க்குப் பிறகு, "நம்ம செக்கு எண்ணெயா இது?" என்றாள்.

"நம்ம எண்ணெய்தான். ஏன்?"

"எள்ளோட சேத்து ஆட்டுன கருப்பட்டி கூடிப்போச்சு."

வாசலில் நின்றவர் ஓர் அடி உள்ளே வந்தார். பிறகு, "கூடலை. எள்ளு புதுசு. அதான் இனிக்குது" என்றார்.

செம்பில் மிச்சம் இருந்ததை ஞானவடிவு அம்மாள் மருமகளின் பங்காக ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். சாயங்காலம் அவர் காலிச் செம்பை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். அதை ஏன் எடுத்துப் போகிறார் என்று ஞானவடிவு அம்மாள் கேட்கவில்லை. கடையில் வேறு எண்ணெய் பீப்பாய் நிறைய இருந்தது. அதில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு போயிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை.

விளக்கு வைக்கிற வேளையில் திரும்பி வந்தார். செம்பைப் பழைய இடத்தில் வைத்தார்.

"கேட்டாகளா?"

"கேட்டாக. எண்ணெய் எங்கேன்னாக. மருமக சாப்பிட்டுட்டான்னு சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டாக. அப்புறம் விளக்குப் பொறுப்பை வேற வீட்டுக்கு மாத்தலாம்னு ஒருத்தர் சொன்னாரு. சரின்னுட்டேன்." அவர் கால் கழுவத் தண்ணீர் மொண்டார். "தாவீதுக்கு ஜெபம் பண்ணச் சொன்னேன். பண்ணுனாக. அதுல குறை சொல்லக் கூடாது."

"உங்களுக்கு என் மேல கோபமா?"

"கோபம் இருந்தா கடைக்குள்ள படுத்திருக்க மாட்டேனா?" என்றார். பிறகு, "மீன் எண்ணெயைக் குடுத்தியா? ஊறுகாய் தீந்துபோச்சுன்னு காலையில சொன்னியே" என்றார்.

அன்றிரவு ஜெயக்கொடிக்கு வயிறு கலங்கியது. மறுநாள் அரைக் கரண்டியாகக் குறைத்தார்கள். முட்டை கொடுத்துப் பார்த்தார்கள். கழுத்து தடித்து அரித்தது. டாக்டரம்மாள் சொன்னபடி விட்டுவிட்டார்கள். சாளைக் கருவாடு ஒத்துக்கொண்டது. சுறா மீன் எண்ணெயின் நாற்றம் மட்டும் பழகவேயில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கி, ராக்கம்மாள் கொண்டுவந்து கொடுத்த நாரத்தங்காய் ஊறுகாயை நக்கிக்கொள்வாள். "எம்புட்டோ பத்தியம் பாத்திருக்கேன். கருவாடு திங்கணும்னு ஒரு பத்தியத்தை இப்பத்தான் பாக்குறேன்" என்று ராக்கம்மாள் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

முதலில் இராத்திரி அரிப்புக் குறைந்தது. அவள் தூங்கத் தொடங்கினாள். அதன் பிறகு நீர் வடிவது நின்றது. ஐப்பசி மழைக்குள் கழுத்தின் சிவப்பு மங்கிப் புதுத்தோல் வந்தது. முழங்கைக் கரடு முழுவதும் போகவில்லை. பனிக்காலத்தில் அது மறுபடியும் தலைகாட்டும் என்று டாக்டரம்மாள் எச்சரித்திருந்தார், தலைகாட்டியது. ஆனால் சாணி தெளிக்கவும், எள் புடைக்கவும், முந்தானைக்குள் ஒளியாமல் நாலு பேர் நடுவில் நிற்கவும் அந்தக் கைகளுக்கு முடிந்தது.

மலேயாவிலிருந்து நல்ல சேதியும் வரவில்லை. கெட்ட சேதியும் வரவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் ஞானவடிவு அம்மாள் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுவாள். அவர் கடந்து போனதும் மறுபடியும் தொடங்குவாள். மாமியாரும் எண்ணெயை ஒதுக்கிவிடக் கூடாதே என்று, அவள் சாப்பிடும்போது ஜெயக்கொடி எதிரில் வந்து உட்கார்ந்துகொள்ளும் பழக்கம் ஏற்பட்டது. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

அந்த வீட்டார் இழந்தவை இவை. ஜெயக்கொடியின் பள்ளிக்கூட வேலை. அது திரும்பக் கிடைக்கவில்லை. அவள் கூந்தலில் பாதி. வலது கைச் சுட்டுவிரல் நகம். நீர் வடிந்த நாட்களில் கட்டிக் கறைபட்டதால் எரித்துவிட்ட கல்யாணச் சேலை. ஏசுவடியானுக்கு அவருடைய தகப்பனார் வழியாக வந்த கோயில் விளக்குப் பொறுப்பு. கோயிலில் பெண்கள் பக்கத்து முன்வரிசையில் ஞானவடிவு அம்மாளின் இடம். அவளுடைய தூக்கம். தாவீதுராஜின் பெயரை இதில் சேர்க்க வேண்டுமா, வேண்டாமா என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.